இதய நோயுள்ள நாயுடன் முழுநேர ஆர்வி பயணம்: அலாஸ்காத் திட்டத்தைக் கைவிட வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் வீட்டை விற்றுவிட்டு, பிக்கப் வண்டியில் இழுத்துச் செல்லும் ஆர்வி எனப்படும் நடமாடும் வீடு ஒன்றில் முழுநேரமாக அமெரிக்காவைச் சுற்றி வருகிறோம். எங்களுடன் பத்து வயதான சிறிய கலப்பினப் பெண் நாயும் இருக்கிறாள். குளிர்காலத்தை அரிசோனாவில் டூசான் பக்கம் கழித்துவிட்டு, மே மாதம் வடக்கே கிளம்பி, கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கும் அலாஸ்கா நெடுஞ்சாலையில் ஏறி, கோடை முழுவதையும் அலாஸ்காவில் செலவிடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

அண்மையில் ஆண்டுப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றபோது, அவளுடைய இதயத்தில் முணுமுணுப்பு (வழக்கத்துக்கு மாறான ஓசை) கேட்பதாகக் கால்நடை மருத்துவர் கூறினார். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இதயத்தின் மைட்ரல் வால்வில் கசிவு இருப்பதும், இதயம் பெரிதாகியிருப்பதும் தெரியவந்தன. இதயத்துக்கான பிமோபென்டான் மாத்திரை தொடங்கியிருக்கிறார். நுரையீரலில் நீர் சேரும் நிலை இன்னும் வரவில்லை என்றாலும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றும், சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம் என்றும் சொன்னார். இப்போதைக்கு இருமல் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடுகிறாள். அவளைப் பார்த்தால் நோயாளி என்றே தோன்றாது என்பதுதான் முடிவெடுப்பதைக் கடினமாக்குகிறது.

அலாஸ்காவை முழுவதுமாகக் கைவிடுவதா, பாதித் தூரம் போய்த் திரும்புவதா? அடுத்த மாதம் எப்படியிருக்கும் என்று தெரியாத நிலையில், ஆறு மாதங்களுக்கு முன்பே முகாம் இடங்களைப் பதிவு செய்ய வேண்டிய இந்த வாழ்க்கையை நீங்கள் எல்லோரும் எப்படித் திட்டமிடுகிறீர்கள்?

மறுமொழி 1

சகோதரி, இந்தக் கோடையில் அலாஸ்கா வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,390 மைல் நீளமுடையது. வொயிட்ஹார்ஸ் போன்ற ஓரிரு ஊர்களை விட்டால், இரவு நேரத்தில் மூச்சுத் திணறும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு மருத்துவமனை கிடைக்காத நீண்ட பகுதிகள் அதில் உள்ளன. நுரையீரலில் நீர் சேர்ந்தால் ஆக்சிஜனும் ஊசி மருந்தும் சில மணி நேரத்துக்குள் கிடைத்தாக வேண்டும். பாதித் தூரம் போய்த் திரும்பினாலும் இந்த இடர் குறைவதில்லை.

திட்டமிடும் முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதுவரை ஊர்களை முதலில் குறித்துவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப அமைத்திருப்பீர்கள். இனி அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் இதய நோய்ச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனை, அடுத்து வெப்பநிலை, கடைசியாகத்தான் பார்க்க விரும்பும் இடங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள நகரங்களில் பொதுவாகப் பெரிய மருத்துவமனையும் இருக்கும். கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் அப்படிப்பட்டது. ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ மூன்றரை டிகிரி பாரன்ஹீட் குறைவதால், நகரம் வெயிலில் காய்ந்தாலும் மேற்கே மலைக்காடுகளுக்கு ஏறினால் குளிர்ச்சி கிடைக்கும். தேசியக் காடுகளில் பல இடங்களில் கட்டணமில்லாமல் 14 நாள் வரை தங்கலாம். நாய்க்கும் பெரும்பாலும் தடையில்லை.

மறுமொழி 2

மருத்துவமனை, வெப்பநிலை, ஊர் என்ற வரிசையை நானும் வழிமொழிகிறேன். ஆனால் கொலராடோ மலைகள் இந்த நாய்க்கு ஏற்ற இடமல்ல. ஃபோர்ட் காலின்ஸே ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. குளிர்ச்சியைத் தேடி ஏறினால் 8,000 அடியைத் தாண்ட வேண்டியிருக்கும். காற்றில் ஆக்சிஜன் குறையும்போது நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, ஏற்கெனவே களைத்திருக்கும் இதயத்தின் மீது மேலும் சுமை ஏறும். அவ்வளவு உயரத்துக்கு அழைத்துச் செல்லலாமா என்று அவளுடைய மருத்துவரிடம் கேட்காமல் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

குளிர்ச்சியும் வேண்டும், உயரமும் கூடாது என்றால் விடை கடற்கரைதான். ஓரிகன் கடற்கரையில் ஜூலை மாதத்திலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 60 முதல் 70 டிகிரி பாரன்ஹீட்டுக்குள்ளேயே நிற்கும். ஏசி இல்லாமலேயே இருக்கலாம். 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்குள்ள கடற்கரை பொதுமக்களுக்கு உரியது. பெரும்பாலான இடங்களில் நாயுடன் நடக்கலாம். பனி உப்புக்கொத்தி என்னும் சிறு பறவை முட்டையிடும் சில பகுதிகளில் மட்டும் மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை நாய்களுக்கு அனுமதியில்லை. அங்கே அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை கோர்வாலிஸ் நகரில் இருக்கிறது. கடலோர நியூபோர்ட்டிலிருந்து ஏறத்தாழ ஐம்பது மைல்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். ஏசியை நம்பி அவளை வண்டியில் தனியாக விட்டுச் செல்லும் வழக்கம் இருந்தால், இந்த நோய்க்குப் பிறகு அதை மறுபரிசீலனை செய்யுங்கள். வெளியே 80 டிகிரி பாரன்ஹீட் இருக்கும்போது மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 99 டிகிரியாகவும், அரை மணியில் 114 டிகிரியாகவும் ஏறிவிடும். ஆர்வி அவ்வளவு விரைவாகச் சூடாகாது என்றாலும், பிற்பகலில் முகாமில் எல்லோரும் ஏசி போடும் நேரத்தில்தான் மின்னழுத்தம் விழுந்து மின்காப்புக் கருவி இணைப்பைத் துண்டிக்கும். வெப்பம் ஏறினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி வாங்கினால், வைஃபையை நம்பாமல் சொந்த சிம்மும் பேட்டரியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மின்சாரம் போனால் வைஃபையும் சேர்ந்தே போய்விடும்.

கடைசியாக, அவள் ஆழ்ந்து உறங்கும்போது மூச்சை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். விலா ஒருமுறை ஏறி இறங்குவது ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கனவு கண்டு கால்களை உதறும்போது எண்ணக் கூடாது. நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால், காலைவரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். உங்கள் பயணத் திட்டத்தை மாற்றும் அதிகாரம் இனி அந்த எண்ணுக்குத்தான் இருக்க வேண்டும்.

மறுமொழி 3

பதிவுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேசியக் காடுகளிலும் தேசியப் பூங்காக்களிலும் உள்ள முகாம்களை அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன்.கவ்-இல் பதிவு செய்திருந்தால், ரத்துக் கட்டணம் 10 டாலர்தான். ஆனால் வரும் நாளிலோ முந்தைய நாளிலோ ரத்து செய்தால் முதல் இரவின் வாடகையும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று நாள் முன்னதாக ஒரு நினைவூட்டல் வைத்து, அன்று அவளுடைய நிலையைப் பார்த்து முடிவெடுங்கள். தனியார் முகாம்களின் விதிகள் ஒவ்வொன்றும் ஒருவிதம். மாத வாடகைக்கு எடுத்துவிட்டு இடையில் கிளம்பினால் பணம் திரும்பாத இடங்கள் பல உண்டு.

தேசியப் பூங்காக்களைத் துறப்பதாக வருந்த வேண்டாம். ஆறடிக்கு மேற்படாத கயிற்றில் கட்டிச் சாலையோரத்துக்கும் முகாமுக்கும் அழைத்துச் செல்லலாமே தவிர, பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு அங்கே இடமில்லை. விதிவிலக்குகள் உண்டு, வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் கலாலோக் கடற்கரைப் பகுதிக்கு அவளையும் அழைத்துச் செல்லலாம்.

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் காட்டுத்தீப் புகை வரக்கூடும். ஓரிகனின் உட்பகுதியை விடக் கடற்கரை பொதுவாகப் பாதுகாப்பானது. எனினும் ஏர்நவ் தளத்தில் காற்றுத்தர எண்ணைப் பார்த்துவிட்டே கோர்வாலிஸ் செல்லும் நாளை முடிவு செய்யுங்கள்.

எக்கோ அறிக்கை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கைப்பேசியிலும் காகிதத்திலும் வைத்திருங்கள். மாத்திரை தீர்வதற்கு முன்பே புதிய ஊரில் ஒரு மருத்துவரிடம் பதிவு செய்துகொள்வது நல்லது. நாயை நேரில் பார்க்காத மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதித் தருவது அரிது.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உயரத்தைப் பற்றி நாங்கள் சிந்திக்கவே இல்லை. இன்று காலை மருத்துவரிடம் பேசினோம். மலைப்பகுதிகளைத் தவிர்க்கும்படி அவரும் உறுதியாகச் சொன்னார், கோர்வாலிஸுக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்பவும் ஒப்புக்கொண்டார்.

அலாஸ்காவைக் கைவிட்டுவிட்டோம். நெடுநாள் கண்ட கனவு என்பதால் என் கணவருக்கு வருத்தம் இருக்கிறது. நானும் அதை மறைக்கவில்லை. ஆனாலும், மருத்துவமனையைத் தேடியபடியே அந்தச் சாலையில் போனால் இருவராலும் எதையும் ரசித்துப் பார்க்க முடியாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

மே மாதத்துக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே கிளம்புகிறோம். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு கொதிக்கத் தொடங்குமுன் கடந்துவிடலாம். நாங்கள் வடக்கே செல்லும் இன்டர்ஸ்டேட் 5 நெடுஞ்சாலை முழுவதிலும் உயரமான இடம் ஓரிகன் எல்லையையொட்டிய சிஸ்கியூ கணவாய், அதுவே 4,310 அடிதான். அதையும் ஒரே பகலில் ஏறி இறங்கிவிடலாம் என்று மருத்துவர் கூறினார். கோடையில் அரிசோனாவும் ஓரிகன் கடற்கரையும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால், பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை தரும் மாத்திரையின் நேரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நியூபோர்ட் அருகிலுள்ள சவுத் பீச் மாநிலப் பூங்காவில் ஜூன் மாதத் தொடக்கத்துக்கு ஒரு மின் இணைப்பு இடம் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிந்தைய வாரங்களை முதல் பரிசோதனை முடிந்த பிறகே பதிவு செய்யப் போகிறோம்.