கலிஃபோர்னியாவில் நர்ஸிங் ஹோம் அட்மினிஸ்ட்ரேட்டர் லைசென்ஸ்: ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஒருவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஃப்ரெஸ்னோ_நர்ஸ் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் நான்கு வருட பி.எஸ்சி. நர்ஸிங் முடித்து, என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் தேர்வு) எழுதி, கிரீன் கார்டில் இங்கே வந்தவள் நான். ஃப்ரெஸ்னோ பக்கத்தில் 99 படுக்கைகள் உள்ள ஒரு நர்ஸிங் ஹோமில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் ஃப்ளோர் நர்ஸ், அப்புறம் சூப்பர்வைசர், இப்போது டி.எஸ்.டி., அதாவது ஊழியர்களின் பயிற்சிக்குப் பொறுப்பு.

அடுத்ததாக அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக வேண்டும் என்று ஆசை. ஒரு ஷிஃப்டில் எத்தனை பேர் இருப்பார்கள், பழுதான லிஃப்டை எப்போது மாற்றுவார்கள், எந்த நோயாளியை அட்மிட் செய்வார்கள் என்பதெல்லாம் முடிவாவது அந்த அறையில்தான். படுக்கையருகே நின்று பார்த்தவர்கள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறேன்.

என் சந்தேகங்கள்: இந்தியப் பட்டம் செல்லுமா? ஏற்கெனவே சூப்பர்வைசராக வேலை பார்த்த நேரத்தைப் பயிற்சி நேரமாகக் கணக்குக் காட்டலாமா? தேசியத் தேர்வு இரண்டு பகுதி என்கிறார்கள், எதை முதலில் எழுதுவது? எங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் எனக்கு ப்ரிசெப்டராக (பயிற்சியை மேற்பார்வை செய்பவராக) இருக்கச் சம்மதித்திருக்கிறார். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பே_ஏரியா_பாலா

வணக்கம் சகோதரி. என் மனைவியின் தோழி 80 மணி நேர வகுப்புக்குப் போய், ஒரு தேர்வு எழுதி, அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழ் வாங்கிவிட்டார். சில மாதங்களில் முடிந்தது. நீங்கள் ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்?

வள்ளி_எல்ஏ

பாலா, நீங்கள் சொல்வது ஆர்.சி.எஃப்.இ., அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கான சான்றிதழ். அசிஸ்டட் லிவிங், போர்டு அண்ட் கேர் போன்ற இடங்களை நடத்த அது போதும். அது சமூக சேவைத் துறையின் கீழ் வருகிறது. ஸ்கில்டு நர்ஸிங் ஃபெசிலிட்டிக்கு, அதாவது நர்ஸிங் ஹோமுக்கு, அது செல்லாது. அதற்கு மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையில் நர்ஸிங் ஹோம் அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கென உள்ள என்.எச்.ஏ.பி. பிரிவு தரும் லைசென்ஸ் வேண்டும். 1967இல் சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தைத் திருத்தியபோதே, மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) பணம் வாங்கும் மாநிலங்கள் நர்ஸிங் ஹோம் அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கு லைசென்ஸ் முறை வைத்தாக வேண்டும் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. இரண்டும் வேறு வேறு பாதை. பலர் இதைக் குழப்பிக்கொண்டு 80 மணி நேர வகுப்புக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

சரி, ஃப்ரெஸ்னோ தங்கச்சிக்கு வருகிறேன். நான் லாஸ் ஏஞ்சலஸில் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கிறேன், ப்ரிசெப்டராகவும் இருந்திருக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் தகுதிக்குப் பல வாசல்கள் உண்டு. உங்களைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இளநிலைப் பட்டத்தோடு 1,000 மணி நேர ஏ.ஐ.டி. (பயிற்சி அட்மினிஸ்ட்ரேட்டர்) பயிற்சி. இன்னொன்று, ஆர்.என். லைசென்ஸோடு பத்து வருட முழுநேர அனுபவம், அதில் கடைசி ஐந்து வருடம் சூப்பர்வைசர் அல்லது டி.ஓ.என். (நர்ஸிங் துறைத் தலைவர்) பொறுப்பு, இதற்கும் ஏ.ஐ.டி. பயிற்சி வேண்டும். உங்களுக்கு ஏழு வருடம்தான் ஆகிறது, அதனால் இரண்டாவது வாசலுக்காகக் காத்திருக்க வேண்டாம். நான்கு வருட பி.எஸ்சி. நர்ஸிங் இருப்பதால் முதல் வாசல் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. பட்டத்தை அமெரிக்க இளநிலைக்குச் சமம் என்று காட்டும் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். என்கிளெக்ஸுக்காக முன்பு செய்தது போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அது நர்ஸிங் போர்டுக்காகச் செய்தது. எந்த மதிப்பீட்டு நிறுவனங்களை ஏற்கிறார்கள், எந்த வகை அறிக்கை கேட்கிறார்கள் என்பதை என்.எச்.ஏ.பி.க்கு எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து மார்க் ஷீட் நேராகப் போய்ச் சேரத்தான் அதிக நாள் பிடிக்கும். அதனால் இந்த வேலையை முதலில் ஆரம்பியுங்கள். கைரேகைக்கு லைவ் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும், அது சின்ன வேலை.

பழைய சூப்பர்வைசர் நேரம் ஏ.ஐ.டி. கணக்கில் வராது. ஏ.ஐ.டி. என்பது ப்ரிசெப்டரின் மேற்பார்வையில், என்.எச்.ஏ.பி. ஒப்புதல் கிடைத்த பிறகு செய்யும் பயிற்சி. ஒப்புதல் கடிதம் கைக்கு வருவதற்கு முன் ஒரு மணி நேரம்கூட எழுத வேண்டாம். டி.எஸ்.டி. வேலை செய்யும் அதே நேரத்தை ஏ.ஐ.டி. நேரமாகவும் காட்ட முடியாது. வாரம் 20 மணி நேரம் ஒதுக்கினால் 50 வாரம், 40 மணி நேரம் ஒதுக்கினால் 25 வாரம். உங்கள் முதலாளியிடம் இதை வெளிப்படையாகப் பேசி, டி.எஸ்.டி. பொறுப்புக்கு மாற்று ஆள் யார் என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ஸி மூலம் வந்தவர் என்றால் பழைய ஒப்பந்தத்தில் வருடக்கணக்கு பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் சம்மதித்தது நல்ல விஷயம். ஆனால் சம்மதம் மட்டும் போதாது. நடப்பு லைசென்ஸ், கலிஃபோர்னியா நர்ஸிங் ஹோமில் குறைந்தது இரண்டு வருடம் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்த அனுபவம், ப்ரிசெப்டர் பயிற்சி இவையெல்லாம் அவருக்கு இருக்க வேண்டும்.

ஃப்ரெஸ்னோ_நர்ஸ்

வள்ளி அக்கா, மிக்க நன்றி. எந்த இடத்தில் சிக்கிக்கொள்வேன் என்று பயந்தேனோ அதையெல்லாம் சொல்லிவிட்டீர்கள். ஒப்பந்த காலம் முடிந்துவிட்டது, அந்தக் கவலை இல்லை.

தேர்வைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். நர்ஸ் என்பதால் பாதிப் பாடம் எனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

வள்ளி_எல்ஏ

தேசியத் தேர்வை நடத்துவது என்.ஏ.பி. என்ற அமைப்பு. அவர்களிடம் விண்ணப்பிக்க வேண்டும், உங்களுக்குத் தகுதி உண்டு என்று மாநிலம் ஒப்புதல் தர வேண்டும், பிறகு தேர்வு மையத்தில் கணினியில் எழுத வேண்டும். கோர், என்.எச்.ஏ. என இரண்டு பகுதி. கோர் என்பது அசிஸ்டட் லிவிங், வீட்டுவழிப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் பொதுவானது. என்.எச்.ஏ. நர்ஸிங் ஹோமுக்கு மட்டும். இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதினால் போதும். நர்ஸாக இருப்பவர்கள் முதலில் கோர் எழுதுங்கள் என்பது என் யோசனை. உங்களுக்குப் பழக்கமில்லாதது எல்லாம் அதில்தான் இருக்கிறது, ஏ.ஐ.டி.யில் பிசினஸ் ஆபீஸ் பாடம் மனதில் இருக்கும்போதே எழுதிவிடலாம்.

'பாதி தெரியும்' என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பாடத்திட்டத்தில் நான்கு பிரிவு: பராமரிப்பும் சேவையும், நிர்வாகச் செயல்பாடு, சூழலும் தரமும், தலைமையும் திட்டமிடலும். நர்ஸுக்குக் கைவந்தது முதல் பிரிவு மட்டும். அதிலும் கேள்வி கேட்கும் கோணம் வேறு. ஒரு உதாரணம் நானே எழுதுகிறேன். ஒரு மகள் வந்து, "நேற்று ராத்திரி ஒரு சி.என்.ஏ. (நர்ஸிங் உதவியாளர்) என் அம்மாவின் கையைப் பிடித்து முறுக்கினார்" என்கிறார். அட்மினிஸ்ட்ரேட்டர் என்ன செய்ய வேண்டும்? நர்ஸின் மனசு உடனே அம்மாவின் கையைப் பார்க்க ஓடும், அது சரிதான். ஆனால் அதோடு நிற்க முடியாது. அந்த சி.என்.ஏ.வை விசாரணை முடியும்வரை நோயாளிகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். துன்புறுத்தல் புகார் என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் மாநில அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணை முடிவை ஐந்து வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். "முதலில் விசாரித்து உண்மையா என்று பார்த்துவிட்டுத் தெரிவிக்கலாம்" என்று ஒரு விடை கட்டாயம் இருக்கும், நியாயமாகவும் தோன்றும். அது தப்பு.

அடுத்தது பணம். எம்.டி.எஸ். (நோயாளி மதிப்பீட்டுப் படிவம்) உங்களுக்குத் தெரியும், ஆனால் 2019 அக்டோபரிலிருந்து பி.டி.பி.எம். (நோயாளியின் நிலையை வைத்துத் தொகை கணக்கிடும்) முறையில் அந்த எம்.டி.எஸ். எப்படி மெடிக்கேர் (முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடு) பணமாக மாறுகிறது என்று ஃப்ளோரில் யாரும் சொல்லித்தருவதில்லை. மெடிக்கேர் பார்ட் ஏ அதிகபட்சம் 100 நாள், முதல் 20 நாள் முழுமையாக, மீதி 80 நாளுக்கு நோயாளி பங்கு கட்ட வேண்டும் என்பதில் தொடங்குங்கள். கணக்கு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. வசூலாக வேண்டிய பாக்கி 9,00,000 டாலர், ஒரு நாள் சராசரி வருமானம் 20,000 டாலர் என்றால், பாக்கி வசூலாக 45 நாள் ஆகிறது. இந்த மாதிரிக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள்.

ஊழியர் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும், மத்திய விதியும் மாநில விதியும் கலந்துவிடும். கலிஃபோர்னியாவில் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 3.5 நர்ஸிங் மணி நேரம், அதில் சி.என்.ஏ. நேரம் 2.4. உங்கள் ஹோமில் 90 பேர் இருந்தால் 315 மணி நேரம், அதில் 216 சி.என்.ஏ. இது மாநிலச் சட்டத்துக்கென்று தனியாக உள்ள மாநிலத் தேர்வுக்கு. தேசியத் தேர்வுக்கு மத்திய விதிதான்: தினமும் குறைந்தது எட்டு மணி நேரம் தொடர்ச்சியாக ஒரு ஆர்.என்., 24 மணி நேரமும் லைசென்ஸ் உள்ள நர்ஸ், முழுநேர டி.ஓ.என். 2024இல் அறிவித்த 3.48 மணி நேர விதியை 2025இல் டெக்ஸாஸ் மத்திய நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பழைய குறிப்புகளில் அது நடப்பு விதி போலவே இருக்கும், தேதி பார்த்துப் படியுங்கள்.

கட்டடம், தீ பாதுகாப்பு பற்றி உங்கள் மெயின்டனன்ஸ் ஆளிடம் போய் உட்காருங்கள். தீ பாதுகாப்பு விதித்தொகுப்பு என்.எஃப்.பி.ஏ. 101, 2012 பதிப்பு. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் காலாண்டுக்கு ஒரு ஃபயர் டிரில். ஜெனரேட்டரை மாதம் ஒரு முறை லோடு போட்டு 30 நிமிடம் ஓட்டிப் பார்ப்பது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும். அவர் கூடவே ஒரு சுற்று நடந்தால் மறக்காது. கிச்சனும் அப்படித்தான்: இரவுச் சாப்பாட்டுக்கும் காலை உணவுக்கும் நடுவே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, சத்தான ஸ்நாக் கொடுத்தால் 16 வரை போகலாம்.

ஏ.ஐ.டி.யில் உங்கள் ப்ரிசெப்டரிடம் ஒன்று கேளுங்கள். சர்வே (அரசு ஆய்வு) வரும்போது அதன் கடைசிக் கூட்டமான எக்ஸிட் கான்ஃபரன்ஸில் உங்களை உட்காரவிடச் சொல்லுங்கள். பிறகு குறைகளைப் பட்டியலிடும் 2567 படிவம் வந்ததும், அந்த 10 நாளுக்குள் கொடுக்க வேண்டிய திருத்தத் திட்டத்தை நீங்களே ஒரு வரைவு எழுதிக் காட்டுங்கள். எழுதிப் பார்க்கும்போது ஒவ்வொரு எஃப்-டேகும் (குறைக்குத் தரும் எண்) எந்த விதியிலிருந்து வருகிறது என்பது தானாகப் புரியும். நர்ஸிங் டிபார்ட்மென்ட்டில் உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், தேவையான அளவுக்கு மட்டும் வையுங்கள். மீதியை பிசினஸ் ஆபீஸுக்கும் மனிதவளத்துக்கும் கொடுங்கள்.

ஹூஸ்டன்_குமரன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இந்தியாவில் மூன்று வருட பி.காம்., அப்புறம் இரண்டு வருட எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுநிலை) படித்தவன். இங்கே ஒரு நர்ஸிங் ஹோம் குழுமத்தில் பில்லிங் வேலை. மூன்று வருடப் பட்டம் சமமில்லை என்று ஒரு மதிப்பீட்டு நிறுவனம் அறிக்கை கொடுத்துவிட்டது. கலிஃபோர்னியா விதிகள் டெக்ஸாஸுக்குப் பொருந்துமா?

வள்ளி_எல்ஏ

தம்பி, பி.காம்.ஐ மட்டும் அனுப்பினீர்களா, எம்.எச்.ஏ.வையும் சேர்த்து அனுப்பினீர்களா? மூன்று வருடப் பட்டத்தைத் தனியாகப் பார்த்தால் நான்கு வருட அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று பல நிறுவனங்கள் எழுதுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பாடவாரியாக மதிப்பிடச் சொன்னால் பெரும்பாலும் நிலைமை மாறும். மறுபடி விண்ணப்பிக்கும்போது எம்.எச்.ஏ. மார்க் ஷீட்டையும் பாடத்திட்ட விவரத்தையும் கட்டாயம் வையுங்கள்.

லைசென்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தேசியத் தேர்வு ஒன்றுதான், அந்த மதிப்பெண்ணை வேறு மாநிலத்துக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் பயிற்சி நேரமும் மாநிலச் சட்டத் தேர்வும் அந்தந்த மாநிலத்தின் கையில். பென்சில்வேனியாவில் 120 மணி நேரப் பாடத்திட்டம் கேட்கிறார்கள். உங்கள் மாநிலத்தில் பொறுப்பு சுகாதார, மனித சேவை ஆணையமான எச்.எச்.எஸ்.சி.யிடம் இருக்கிறது, அங்கேயும் 1,000 மணி நேரப் பயிற்சிதான் அடிப்படை. முதுநிலைப் படிப்பின் இன்டர்ன்ஷிப்பால் நேரம் குறையுமா என்று அவர்களிடம் எழுதிக் கேளுங்கள். பில்லிங் அனுபவத்தால் நிதிப் பகுதி உங்களுக்குச் சுலபம். பராமரிப்புப் பகுதிக்குத்தான் உழைக்க வேண்டும். பேஸ்லைன் கேர் பிளான் (ஆரம்பப் பராமரிப்புத் திட்டம்) 48 மணி நேரம், அட்மிஷன் எம்.டி.எஸ். 14 நாள், முழு கேர் பிளான் அதிலிருந்து 7 நாள் என்ற கணக்கையெல்லாம் ஃப்ளோர் நர்ஸ் யாரிடமாவது உட்கார்ந்து கேளுங்கள்.

ஃப்ரெஸ்னோ_நர்ஸ்

குமரன் அண்ணா, கேர் பிளான், எம்.டி.எஸ். பகுதிக்கு நான் உதவுகிறேன், நீங்கள் எனக்கு ரீஇம்பர்ஸ்மென்ட் (காப்பீட்டுப் பணம் வரும் கணக்கு) சொல்லிக்கொடுங்கள். ஞாயிறு மாலை உங்களுக்கு வசதிப்படுமா? வள்ளி அக்கா, மதிப்பீடு பற்றி என்.எச்.ஏ.பி.க்கு இன்று மெயில் அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். லைசென்ஸ் கிடைத்த பிறகு புதுப்பித்தல் எப்படி என்று ஒரு வரி மட்டும் சொல்லுங்கள்.

வள்ளி_எல்ஏ

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, 40 மணி நேரத் தொடர்கல்வி. உங்கள் ஆர்.என். லைசென்ஸுக்கு உள்ள தொடர்கல்வி தனிக் கணக்கு, இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டன்_குமரன்

ஞாயிறு மாலை சரிதான், உங்கள் நேரம் ஐந்து மணி. எங்கள் நேரம் ஏழு. அக்கா, எம்.எச்.ஏ.வைச் சேர்க்காமல்தான் அனுப்பியிருந்தேன். புதிதாக விண்ணப்பம் போடுகிறேன்.