பெரியம்மா நிறுத்திய மாத்திரை

[காலை 7:12] பெரியம்மா: எல்லோருக்கும் வணக்கம். ஒரு நல்ல சேதி. அந்த இதய மாத்திரையை விட்டு இன்றோடு நாலு நாள். உடம்பில் இருந்த அசதியெல்லாம் ஓடிப்போய்விட்டது. நேற்று மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினேன்.

[7:15] சித்தப்பா: நல்ல முடிவு அண்ணி. நானும் என் அட்டெனோலாலை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிரஷர் 124/78தான் காட்டுகிறது. சரியான பிறகு எதற்கு மாத்திரை?

[7:16] மீனா: பெரியம்மா, இரவுப் பணி முடிந்து இப்போதுதான் போனைப் பார்க்கிறேன். எந்த மாத்திரையை விட்டீர்கள்? மெட்டோப்ரோலாலா?

[7:18] பெரியம்மா: ஆமாம் கண்ணு. போன வருடம் அட்டாக் வந்தபோது கொடுத்தார்களே, 50 என்று போட்டிருக்குமே, அதுதான்.

[7:18] மீனா: நெஞ்சில் வலி, இறுக்கம், பாரம் ஏதாவது உண்டா? கையோ தாடையோ வலிக்கிறதா? படபடப்பு?

[7:21] பெரியம்மா: வலி இல்லை. ராத்திரி படுத்தபோது மட்டும் நெஞ்சு திக்குதிக்கென்று அடித்தது. அப்புறம் தூங்கிவிட்டேன்.

[7:22] மீனா: கதிர், வீட்டில்தானே இருக்கிறாய்? அம்மாவை ஐந்து நிமிடம் உட்காரவைத்து நாடி பார். உன் கட்டைவிரலால் பார்க்காதே. அதிலேயே ஒரு துடிப்பு இருக்கிறது, அதை எண்ணிவிடுவாய். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அம்மாவின் மணிக்கட்டில், அவர் கட்டைவிரலுக்கு நேர் கீழே உள்ள பள்ளத்தில் லேசாக வை. முழுதாக ஒரு நிமிடம் எண்ணு.

[7:30] கதிர்: 104 அக்கா. பிரஷர் 158/94. இரண்டாவது தடவை 154/92.

[7:31] மீனா: சரி. இதய மருத்துவருக்கு இப்போதே போன் செய். அட்டாக் வந்தவர், மெட்டோப்ரோலால் நின்று நாலு நாள், நாடி 104. இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடு. எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டாகப் போடுவது கூடவே கூடாது. இதற்கிடையில் நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

[7:33] பெரியம்மா: ஏன் இப்படிப் பதறுகிறாய் மீனா? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்.

[7:37] மீனா: பதறத்தான் செய்கிறேன் பெரியம்மா. அட்ரினலின் வந்து இதயத்தை விரட்டுவதற்கென்று அதன் மேல் சிறுசிறு வாசல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கர் என்ற வகையைச் சேர்ந்த இந்த மாத்திரை அவற்றை அடைத்து வைக்கிறது. மாதக்கணக்கில் அடைபட்டே இருப்பதால் இதயம் புது வாசல்களை உண்டாக்கிக்கொள்கிறது. மாத்திரை சட்டென்று நின்றால் பழையது, புதியது எல்லாம் ஒன்றாகத் திறந்துகொள்ளும். நாடி எகிறும், பிரஷர் ஏறும். ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயத்துக்கு நெஞ்சுவலியும் அட்டாக்கும் இந்த நாட்களில்தான் வரப் பார்க்கும். அசதி போய்த் தெம்பு வந்ததாக உங்களுக்குத் தோன்றியதில் இந்த வேகத்துக்கும் பங்கு இருக்கும்.

[7:38] மீனா: நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் மருத்துவர் ஒரேயடியாக நிறுத்த மாட்டார். ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். சித்தப்பா, உங்களுக்கும்தான். உங்கள் அட்டெனோலாலும் இதே வகைதான். 124/78 இருப்பதே அந்த மாத்திரை வேலை செய்வதால்தான்.

[7:40] சித்தப்பா: புரிந்தது மீனா. அண்ணி, நல்ல முடிவு என்று நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

[7:44] கதிர்: மருத்துவரிடம் பேசிவிட்டேன். 9 மணிக்கு வரச் சொல்லிவிட்டார். அதுவரை அம்மா மாடிப்படி ஏறக்கூடாதாம்.

[7:46] மீனா: நல்லது. பெரியம்மா, கோபத்தில் கேட்கவில்லை. ஒரு வருடமாக ஒழுங்காகப் போட்டுவந்தவர் திடீரென்று ஏன் விட்டீர்கள்?

[7:52] பெரியம்மா: பயந்துவிட்டேன் கண்ணு. ஒரு மாதமாக அதைப் போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குளித்துவிட்டு வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். அன்றைக்கு மெஷினில் நாடி 46 என்று காட்டியது. கதிரிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான் என்று சொல்லவில்லை.

[7:53] மீனா: முதல் பதினொரு மாதம் இப்படி இல்லையே. போன மாதம் என்ன மாறியது? வேறு மருந்து ஏதாவது சேர்ந்ததா? டில்டியாசெம், வெராபமில் மாதிரி? அவையும் நாடியை இறக்கும்.

[7:56] பெரியம்மா: புது மருந்து எதுவும் இல்லை. தொண்டை சரியில்லாததிலிருந்து மாத்திரை உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. அதனால் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து குடித்தேன்.

[7:57] மீனா: பெரியம்மா!! கதிர், அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடு.

[7:59] கதிர்: 📷 மெட்டோப்ரோலால் சக்சினேட், எக்ஸ்டெண்டெட் ரிலீஸ் என்று போட்டிருக்கிறது அக்கா.

[8:03] மீனா: இதுதான் விஷயம். இது ஒரு நாள் முழுக்க மெதுவாகக் கரைவதற்காகவே செய்த மாத்திரை. பொடி செய்தால் 24 மணி நேரத்துக்கான மருந்து மொத்தமும் சீக்கிரமே இரத்தத்தில் இறங்கிவிடும். அதனால்தான் முதலில் கண் இருட்டியது, நாடி 46க்குப் போனது. மருந்தின் மேல் தப்பே இல்லை பெரியம்மா. இதை நசுக்கவும் கூடாது, மெல்லவும் கூடாது. நடுவில் கோடு போட்டிருந்தால் அந்தக் கோட்டில் இரண்டாக உடைத்து ஒவ்வொரு பாதியாக விழுங்கலாம். எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது, மருந்தாளுநரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தொண்டைப் பிரச்சினையையும் இன்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

[8:06] பெரியம்மா: யாரும் இதை எனக்குச் சொல்லவில்லையே மீனா.

[8:07] மீனா: நான் சொல்லியிருக்க வேண்டும். என் தப்பும் இருக்கிறது.

[8:15] சித்தப்பா: நாடி எவ்வளவு இருந்தால் பயப்பட வேண்டும்? எனக்கு 56, 58 என்றுதான் வருகிறது.

[8:19] மீனா: தலைச்சுற்றல், மயக்கம் எதுவும் இல்லாமல் 56 என்றால் பெரும்பாலும் மருந்து தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். 50க்குக் கீழே போனாலோ, எண் எதுவானாலும் மயக்கம், மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனால் எனக்கு உங்கள் நாடியை விட இன்சுலின்தான் கவலை சித்தப்பா. சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் இல்லையா? இந்த மாத்திரை அந்த இரண்டையும் மறைத்துவிடும்.

[8:24] சித்தப்பா: போன வாரம் மதியம் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. படபடப்பு இல்லாததால் வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டேன்.

[8:25] மீனா: அது சர்க்கரை தாழ்ந்ததாகவே இருந்திருக்கலாம். வியர்வையை மட்டும் இந்த மாத்திரை மறைக்காது. இனிமேல் காரணமில்லாமல் வியர்த்தாலோ, திடீரென்று பசித்துக் குழப்பமாக இருந்தாலோ, உடனே மீட்டரில் பாருங்கள். அடுத்த தடவை மருத்துவரிடம் அந்த மதியத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

[8:31] யாழினி: அக்கா, ஒன்று கேட்கட்டுமா? அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. கை நடுங்காமல் இருக்க என் தோழி ப்ராப்ரனோலால் 10 தருகிறேன் என்கிறாள். அதுவும் இந்த வகைதானா?

[8:33] மீனா: அதே வகைதான். உனக்கு வீசிங் உண்டே யாழினி! ப்ராப்ரனோலால் இதயத்தோடு நிற்காது, மூச்சுக்குழாயையும் இறுக்கும். அந்த நேரத்தில் உன் இன்ஹேலர் கூடச் சரியாக வேலை செய்யாது. அவளுக்கு ஒத்துக்கொள்வது உனக்கு ஆபத்து. கண்டிப்பாக வாங்காதே. தேர்வுப் பயத்தைப் பற்றி இன்று மாலை நானே உன்னிடம் பேசுகிறேன்.

[8:34] யாழினி: சரி அக்கா. இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

[8:41] அத்தை: எனக்கும் இழுப்பு உண்டே மீனா. கண் அழுத்தத்துக்குப் புதிதாகச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். டைமோலால் என்று பெயர். லால் என்று முடிவதால் கேட்கிறேன்.

[8:43] மீனா: நல்லவேளை கேட்டீர்கள் அத்தை. அதுவும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விட்டாலும் மூக்கு வழியாக இரத்தத்தில் சேர்ந்து இழுப்பைக் கிளப்பிவிடும். இழுப்பு இருப்பதைக் கண் மருத்துவரிடம் சொன்னீர்களா?

[8:44] அத்தை: கண்ணுக்குத்தானே என்று சொல்லவில்லை.

[8:45] மீனா: அடுத்த சொட்டு விடுவதற்கு முன் அவருக்குப் போன் செய்யுங்கள். கண் அழுத்தத்துக்கு வேறு வகைச் சொட்டுகளும் இருக்கின்றன, மாற்றித் தருவார்.

[11:50] கதிர்: ஈசிஜியில் புதிதாக எதுவும் இல்லை அக்கா. இரத்தப் பரிசோதனையும் நார்மல். இன்றைக்கு 25இல் தொடங்கச் சொல்லியிருக்கிறார், ஒரு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு ஏற்றுவாராம். 25 மாத்திரை சின்னதுதான், அங்கேயே விழுங்கிக் காட்டிவிட்டார்கள். தொண்டைக்குத் தனியாக ஒருவரைப் பார்க்க வேண்டும்.

[11:52] மீனா: அப்பாடா. கதிர், அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துவிடு. தானாகத் தீர்ந்து நின்றாலும் இதே கதைதான். தொண்டைக்கோ பல்லுக்கோ எந்தச் சிகிச்சை என்றாலும் இந்த மாத்திரை போடுகிறார் என்று முதலில் சொல்லிவிடு.

[இரவு 9:05] பெரியம்மா: நாடி 82. பிரஷர் 138/84. தலைச்சுற்றல் இல்லை. மீனா, நீ ராத்திரி முழுக்க விழித்திருந்தவள், பகலிலும் தூங்கியிருக்க மாட்டாய். போய்ப் படு கண்ணு. காலையில் எண்ணிப் போடுகிறேன்.

[9:06] மீனா: ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் பெரியம்மா.

[9:07] பெரியம்மா: கட்டைவிரலால் இல்லை. தெரியும்.