லாரி பேட்டரியில் எரிந்த டையோடு

கார்களுக்கு ஜிபிஎஸ் டிராக்கர் போர்டு செய்து கொடுக்கிறேன். முதல் பேட்சில் சப்ளை நுழையும் இடத்தில் எஸ்எம்பிஜே18ஏ போட்டிருந்தேன். திடீரென எகிறும் வோல்டேஜை (சர்ஜ்) தன் வழியே கடத்தி போர்டைக் காக்கும் டிவிஎஸ் டையோடு அது, பெயரிலுள்ள 18 வோல்ட் வரை சும்மா இருக்கும். 12 வோல்ட் வண்டி, சார்ஜ் ஏறும்போது 14.4. அதனால் 18 தாராளம் என்று கணக்கு. சில மாதங்கள் ஒரு புகாரும் இல்லை. அப்புறம் ஒரு போர்டு திரும்பி வந்தது. டையோடின் மேல்பக்கம் வெடித்து, பக்கத்துச் செம்புத் தடம் தீய்ந்து பழுப்பேறியிருந்தது. மல்டிமீட்டர் வைத்தால் பீப் நிற்கவில்லை, முழு ஷார்ட்.

டிரைவரைக் கேட்டேன். "பேட்டரி டவுன் சார், பக்கத்துல நின்ன லாரியில வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணோம்" என்றார். லாரியில் 24 வோல்ட். அந்த டையோடோ 20 முதல் 22.1 வோல்ட்டுக்குள் கடத்தத் தொடங்கிவிடும். நொடியின் சிறு பங்கில் வந்துபோகும் சர்ஜுக்கான பொருள் அது, விடாமல் ஓடும் கரண்டைத் தாங்காது. வண்டியில் பொருத்தும் மின்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரநிலையில் இதற்கென்றே 24 வோல்ட், 60 நொடி சோதனை இருக்கிறது.

சரி, எஸ்எம்பிஜே24ஏ-வுக்கு மாறினேன். அதன் கிளாம்ப், அதாவது சர்ஜ் வரும்போது பின்னால் போகவிடும் உச்ச வோல்டேஜ், 38.9 வோல்ட், பின்னால் இருந்த ரெகுலேட்டரோ 36 வரைதான் தாங்கும். அதையும் 60 வோல்ட் ரகமாக மாற்ற வேண்டியிருந்தது. டையோடை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

அடுத்தது லோட் டம்ப். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது பேட்டரி டெர்மினல் கழன்றால், அதன் காந்தப்புலம் அடங்கும்வரை வோல்டேஜ் எகிறும். 12 வோல்ட் வண்டிக்கான சோதனையில் 101 வோல்ட், 400 மில்லிநொடி வரை போகும். எஸ்எம்பிஜே டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் 600 வாட் 10/1000 மைக்ரோநொடி அலைக்கானது, அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிநொடிக் கணக்கு. இப்போது எஸ்எம்8எஸ்24ஏ போடுகிறேன், அதே அலைக்கு 6600 வாட். கிட்டத்தட்ட கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும், போர்டில் இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். முன்னால் ஒரு ஃபியூஸும் உண்டு, ஏனென்றால் இந்த டையோடு செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் சாகும்.

* * *

அண்ணா, டெலிகாம் பக்கம் எனக்கும் இதே கதைதான். மைனஸ் 48 வோல்ட் சப்ளை என்றதும் எஸ்எம்பிஜே48ஏ எடுத்தேன். அங்கே பேட்டரி 24 செல், செல்லுக்கு 2.25 வோல்ட் ஃப்ளோட் (பேட்டரியை எப்போதும் முழு சார்ஜில் வைத்திருக்கக் கொடுக்கும் வோல்டேஜ்) என்றால் 54. டையோடு 53.3-லேயே கடத்தத் தொடங்கலாம். பெஞ்ச் சப்ளையில் 48 வைத்துப் பார்த்தவரை ஒன்றும் தெரியவில்லை. சைட்டில் தொட்டுப் பார்த்தேன், விரல் வைக்க முடியாத சூடு.

எஸ்எம்சிஜே58ஏ-வுக்கு மாறினேன். கிளாம்ப் 93.6 வோல்ட், எங்கள் கன்வெர்ட்டர் 100 மில்லிநொடிக்கு 100 வோல்ட் தாங்கும். இடைவெளி குறைவுதான், ஆனால் போதும். திசையிலும் கவனம் வேண்டும். இந்த சப்ளையில் பாசிட்டிவ்தான் எர்த், அதனால் டையோடின் கோடு போட்ட முனை எர்த் பக்கம் வர வேண்டும். பழக்க தோஷத்தில் முதல் போர்டில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டேன். பவர் கொடுத்ததும் ஃபியூஸ் போனது.