சொந்தக்காரர் என்று வந்து கேட்டால் லேப் ரிப்போர்ட் கொடுக்கலாமா?

கோலப்பொடி:
மதுரைக்குக் கிழக்கே ஒரு ஊரில் சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பில் போடுவது, ரிப்போர்ட் கொடுப்பது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லாம் நான்தான். போன வாரம் ஒருவர் வந்து ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, "நான் பெரியப்பா முறைம்மா, ஒரு காப்பி எடுத்துக் கொடு" என்றார். பில் இல்லை, அந்தப் பெண்ணின் போன் நம்பரும் அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும், அதனால் எனக்குச் சந்தேகம் வந்து, அவங்களையே வரச் சொல்லுங்க என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் முதலாளி ஒரே சத்தம், தெரிந்த குடும்பத்தைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு வேறு லேபுக்குப் போய்விடுவார்களாம்.

நான் செய்தது சரிதானே? சட்டம் ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, ரிப்போர்ட் எல்லாம் முதலாளியின் பழைய போனிலிருந்துதான் போகிறது, ராத்திரி அந்தப் போன் அவர் பையன் கையில் கேம் விளையாட. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

திருமங்கலம்_டெக்னீஷியன்:
நீங்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி தங்கச்சி. நம்மைப் போன்ற சின்ன லேபுகளில் விஷயம் வெளியே போவது பெரும்பாலும் கவுன்ட்டர் வழியாகத்தான். வரன் விசாரிக்க வருகிறவர், சொத்துத் தகராறில் இருக்கிற பங்காளி, "சும்மா சுகர் எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று போன் போடுகிற பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் நல்ல முகத்தோடுதான் வருவார்கள்.

முதலில் லேப் வேலையை முதலாளியின் போனிலிருந்து பிரியுங்கள். லேபுக்கென்று தனி சிம், தனி போன், ராத்திரி டிராயரில் பூட்டு. அதன் வாட்ஸ்அப்பில் 'இரண்டு படி சரிபார்ப்பு' என்பதை ஆன் செய்து ரகசிய எண் (PIN) போடுங்கள். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று இருக்கும், அதைத் திறந்து பாருங்கள், போன வருஷம் வேலையை விட்டுப் போன பையனின் லேப்டாப்கூட அங்கே இருக்கலாம். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், அது கேலரிக்குப் போய், அங்கிருந்து தானாகவே கிளவுடுக்கும் ஏறி, முதலாளி வீட்டு டேப்லெட்டில் கல்யாண போட்டோக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்.

நம்பர் ஒரு எண் மாறினாலும் போச்சு. அதனால் நாங்கள் முதலில் லேப் பெயரை மட்டும் போட்டு ஒரு வணக்கம் அனுப்புவோம். அவர்கள் பில் நம்பரைத் திருப்பி அனுப்பினால்தான் பிடிஎஃப் போகும். பிடிஎஃப்புக்குப் பிறந்த வருஷத்தை பாஸ்வேர்டாக வைக்கிற லேபுகள் உண்டு, என்னைக் கேட்டால் அது வீண், பெரியப்பாவுக்குப் பிறந்த வருஷம் தெரியாதா என்ன?

நடைமுறைவாதி_உசிலை:
எல்லாம் சரி, ஆனால் கிராமத்து நிலைமை தெரிந்து பேசுங்க. எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, போனும் கிடையாது, ரிப்போர்ட்டை நான்தான் வாங்குவேன். பேரனா இல்லையா என்று லேபில் நிற்க வைத்து விசாரித்தால் யாருக்குக் கோபம் வராது? மதியத்துக்கு மேல் பஸ்ஸும் இல்லை, நாளைக்குக் கிழவியைக் கூட்டிட்டு வாங்கன்னா எப்படி?

திருமங்கலம்_டெக்னீஷியன்:
அண்ணே, அதற்குத்தான் ரத்தம் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். "பாட்டி, ரிப்போர்ட் யாரிடம் கொடுக்கட்டும்?" என்று ஒரே கேள்வி. அவர் சொல்கிற பெயரையும் நம்பரையும் பில்லில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டால், அப்புறம் நீங்கள் பில்லோடு வந்ததும் நிற்க வைக்காமல் கொடுத்துவிடலாம். ஒரு விஷயம் மட்டும், அந்தக் கேள்வியை, துணைக்கு வந்தவர் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள், ரத்தம் எடுக்கிற அறைக்குள் கேளுங்கள். புருஷன் நிற்கும்போது "அவர்ட்டயே குடுங்க" என்றுதான் பொம்பளைப் பிள்ளைகள் சொல்லும்.

கோர்ட்_ரோடு:
சட்டம் கேட்டீர்களே. மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில், மருத்துவப் பதிவுகளை நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த உடனிருப்பவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கவனியுங்கள், 'அதிகாரம் கொடுத்த'. மேலே அவர் சொன்ன கையெழுத்து அதற்குத்தான் உதவும். உங்கள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற டாக்டரை இந்த விதி கட்டும். நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. கோர்ட் உத்தரவு, அறிவிக்க வேண்டிய நோய்கள் போன்றவை விலக்கு. டி.பி. என்று வந்தால் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், அதை பெரியப்பாவுக்குச் சொல்வதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எச்.ஐ.வி. ரிப்போர்ட் என்றால் இன்னும் கடுமை. அதற்கென்று 2017இல் தனிச் சட்டமே வந்து, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கிற நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துச் சொல்கிறார் இல்லையா, உங்கள் லேபில் அதை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் எப்படி?

முதலாளிக்குப் பணக் கணக்கில் சொன்னால்தான் ஏறும் என்றால் இதைச் சொல்லுங்கள்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகளிலேயே மருத்துவப் பதிவுகள் முக்கியமான தனிப்பட்ட தகவல் என்று வருகிறது, அலட்சியத்தால் நஷ்டம் வந்தால் இழப்பீடு, ஒரே ஆள் நடத்துகிற கடைக்கும் பொருந்தும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை. உங்கள் லேபுக்கு அவ்வளவு போடுவார்கள் என்று சொல்லவில்லை, அது உச்ச வரம்பு. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியக் கடமைகளுக்கு அப்போதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்தார்கள்.

திருமங்கலம்_டெக்னீஷியன்:
பாஸ்வேர்டு ஸ்டிக்கரை இன்றைக்கே கிழித்துவிட்டு ஆளுக்கொரு லாகின் போடச் சொல்லுங்கள். யார் எந்த ரிப்போர்ட்டைத் திறந்தார்கள் என்று தெரிந்தாலே பாதி வேடிக்கை பார்ப்பது நின்றுவிடும். லேப் சாஃப்ட்வேர் சர்வீஸுக்கு வருகிறவர் தூரத்திலிருந்தே திறக்கிற செயலியைப் போட்டு நிரந்தர பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போவார், அதையும் எடுத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் கொடுங்கள். பேக்கப்பை ஒரு ஹார்டுடிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் கழற்றி வையுங்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களையே ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ், முடக்கி, பல நாள் ஓ.பி. சீட்டிலிருந்து லேப் வரை கையால் எழுதினார்கள்.

பழைய பில்லும் ரிப்போர்ட் காப்பியும் பழைய பேப்பர் கடைக்குப் போகக் கூடாது. பெயர், வயசு, கிட்னி டெஸ்ட்டான கிரியேட்டினின் எல்லாம் தெளிவாகத் தெரிகிற பேப்பரில் பஜ்ஜி வாங்கித் தின்றிருக்கிறேன்.

கோலப்பொடி:
ரொம்ப நன்றி. பில் புத்தகத்தில் "ரிப்போர்ட் வாங்குபவர்" என்று ஒரு வரி அச்சடிக்கலாம் என்றதும் முதலாளி ஒத்துக்கொண்டார், 250 கோடியைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் புது சிம்முக்கும் சரி என்றுவிட்டார். அந்தப் பெரியப்பா மறுபடி வந்தால் என்ன சொல்ல?

கோர்ட்_ரோடு:
"பில்லில் உங்கள் பெயர் இல்லை சார்" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பெண் டெஸ்ட் எடுத்தாளா இல்லையா என்பதைக்கூடச் சொல்லாதீர்கள்.

நடைமுறைவாதி_உசிலை:
"எந்தப் பேரா இருந்தாலும் பில் இல்லாம பார்க்க முடியாது சார்"னு சொல்லுங்க தங்கச்சி. "பில்லில் உங்க பேர் இல்லை"ன்னா பில் இருக்குன்னு ஆயிருதே.