கடிகாரத்தின் பின்னொளி ஓரத்தில் மட்டும் எரிகிறது: தகடு போச்சா?

கேள்வி:
அப்பா வைத்திருந்த டிஜிட்டல் மேசைக் கடிகாரம். பட்டனை அழுத்தினால் எண்களுக்குப் பின்னால் பச்சை ஒளி பரவும். இப்போது இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் எரிகிறது, அதுவும் முன்பைவிடப் பளிச்சென்று, நீலம் கலந்து. 'கீ' என்ற சன்னமான சத்தம் கூர்மையாகிவிட்டது. பேட்டரி புதிது. திறந்தால் எல்இடி எதுவும் இல்லை. விசிட்டிங் கார்டு கனத்தில் ஒரு தகடு, இரண்டு கால்கள். மீட்டரில் ஓம் வைத்தால் ஒன்றும் காட்டவில்லை. தூக்கிப்போட மனமில்லை.

பதில் 1:
ஓம் காட்டாதது கோளாறே இல்லை. அது இஎல் (எலக்ட்ரோலூமினசென்ட்) தகடு, அதாவது ஒளிரும் கெப்பாசிட்டர்: இரண்டு கடத்திகளுக்கு நடுவே மின்காப்பு. பிளாஸ்டிக் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத, மின்சாரம் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு. அதன்மேல் ஒளிரும் பாஸ்பர் (செம்பு கலந்த துத்தநாக சல்பைடு), மின்காப்பாகப் பேரியம் டைட்டனேட், கடைசியில் வெள்ளி அல்லது கார்பன் மசி. பனியனில் படம் அச்சிடுவதுபோல ஒவ்வொன்றாக அச்சிட்டுக் காயவைப்பார்கள். எரிய ஏசி வேண்டும்: சுமார் 100 வோல்ட், சில நூறு ஹெர்ட்ஸ். பேட்டரியிலிருந்து அதை உண்டாக்குவது சின்ன இன்வெர்ட்டர்.

நீங்கள் சொன்ன சத்தமும் நீலமும்தான் நல்ல தடயம். எரியும் பரப்பு குறைந்தால் கெப்பாசிட்டன்ஸ் குறையும், இன்வெர்ட்டரின் அதிர்வெண் ஏறும், நிறம் நீலத்துக்குச் சாயும். ஆக இன்வெர்ட்டர் நலம். இருட்டு தொடங்கும் இடம் நேர்கோடா, திட்டுத்திட்டாகவா?

கேட்டவர்:
நேர்கோடு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அதே இடத்தில் ஒரு மடிப்பு தெரிகிறது. போன மாதம் துடைக்கக் கழற்றியபோது நான்தான் வளைத்துவிட்டேன்.

பதில் 2:
அப்போ அதுதான். திட்டுகளாக இருந்தால் ஈரம் புகுந்து பாஸ்பர் கெட்டதாக இருக்கும். உங்களுக்கு அந்த இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு விரிசல் விட்டுவிட்டது. வளைத்தால் கண்ணாடி மாதிரி உடையும். கால்கள் இடது ஓரத்தில்தானே? விரிசலைத் தாண்டி மின்சாரம் போகாது. அந்தப் பூச்சு பாஸ்பருக்கு அடியில் இருப்பதால் வெள்ளி மசி தடவியும் பலனில்லை. சால்டரிங் வேண்டவே வேண்டாம், படலம் உருகிவிடும்.

வெட்டிப் பயன்படுத்தும் இஎல் தகடு வாங்குங்கள். பழையதன் பரப்புக்கே வெட்டுங்கள், கால் இருக்கும் பக்கத்தை வெட்டாமல். வெட்டிய விளிம்பில் இரண்டு பக்கப் பூச்சும் தொட்டால் ஷார்ட் ஆகும். பிசிறை நீக்கி டேப் ஒட்டி மூடுங்கள், ஈரமும் நுழையாது. தகடு இல்லாமல் இன்வெர்ட்டரை ஓட்டாதீர்கள். எரியும்போது கால்களைத் தொடாதீர்கள், சுருக்கென்று அடிக்கும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். நான்கு மூலையும் ஒரே பச்சை, சத்தமும் பழையபடி. மிக்க நன்றி.