லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷனும் நிஷி கசாயில் ஓர் இரவும்

சோஃபியா கொப்போலா எழுதி இயக்கி 2003இல் வந்த 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' படத்தைப் பற்றிப் பேசினால், டோக்கியோவின் நியான் வெளிச்சமும் ஷின்ஜுகு ஹோட்டலின் 52வது மாடி பாரும்தான் முதலில் வரும். என்னை உலுக்கியது அதில் வரும் போன் பேச்சுகள்.

பாப், ஒரு விஸ்கி விளம்பரத்தில் நடிக்க டோக்கியோ வந்த நடிகர். பில் மர்ரே நடித்திருக்கிறார். மனைவி ஊரிலிருந்து அலமாரி பற்றிக் கேட்கிறார், தரைவிரிப்புக்கு எந்த நிறம் என்று கேட்கிறார். அந்த மனிதர் தூக்கமில்லாமல் தவிப்பது அந்தப் பேச்சுக்குள் வரவே இல்லை. சார்லட்டோ கணவனுடன் வந்து, அவன் வேலைக்குப் போனபின் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பவள். கோயிலுக்குப் போனேன், துறவிகள் ஓதினார்கள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று தோழியிடம் போனில் சொல்லும்போது அழுகை வந்துவிடுகிறது. தோழி கவனிக்கவில்லை, கொஞ்சம் இரு என்கிறாள்.

நான் ஐடி வேலைக்காக டோக்கியோவின் நிஷி கசாயில் இருந்தவன். இந்தியர்கள் நிறைய இருக்கும் பகுதி, நம் மளிகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அம்மா "சாப்டியாப்பா?" என்பார், நான் "சாப்டேன்மா" என்பேன், அதற்கு மேல் பேச்சு நகராது. ஒப்பந்தத்தை நீட்டிக்கப்போவதில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டிருந்தார்கள். வீட்டில் தங்கை கல்யாணப் பேச்சு. எப்படிச் சொல்வது?

ஒரு ஜனவரி இரவு, காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் இருந்தேன். டிரையருக்கு நூறு யென் நாணயம் வேண்டும், என்னிடம் ஆயிரம் யென் நோட்டு மட்டும். பக்கத்தில் இருந்த நேபாளிப் பையன் ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினான். வாசலில் இருந்த, பானம் விற்கும் இயந்திரத்தில் அந்த நோட்டைப் போட்டு, இரண்டு சூடான டின் காபி எடுத்து வந்தேன். கோன்பினியில், அதாவது இரவும் திறந்திருக்கும் சிறு பல்பொருள் கடையில், இரவு வேலை பார்க்கும் மாணவன் அவன். மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். கல்லூரிக் கட்டணம், வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஊரில் ஏதோ ஆபீசில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான். அப்புறம் நானும் என் கதையைச் சொன்னேன், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில். அவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்ல முடிந்தது.

ஹோட்டலில் அந்நியர்களாகச் சந்தித்துப் பழகும் பாபும் சார்லட்டும் கட்டிலில் படுத்தபடி கல்யாணம், குழந்தைகள் என்று பேசும் காட்சி எனக்கு அதனால்தான் புரிந்தது. அந்நியரிடம் எந்தக் கணக்கும் தீர்க்க வேண்டியதில்லை, யாரையும் பயமுறுத்திவிடுவோமோ என்ற யோசனையும் இல்லை. இருவருடைய பிரச்சினையும் தீர்வதில்லை, அது படத்தின் குறையும் இல்லை. கடைசியில் பாப் அவள் காதில் சொல்வதைக் கேட்க, சிலர் ஒலியைப் பெருக்கியெல்லாம் பார்த்திருக்கிறார்கள். அதை நமக்குக் கேட்காமல் விட்டதுதான் சரி என்பேன்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ தனியாக இருந்தவர்கள் இதைப் பார்த்திருந்தால், அந்தப் போன் காட்சிகள் உங்களை என்ன செய்தன என்று எழுதுங்கள்.