தம்பி சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்துக் கரைத்துவிட்டான், இது மனநலப் பிரச்சினையா?

பெரம்பூர்_அக்கா:
தம்பிக்கு 27 வயது, பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற பையன். அப்பா தவறியதிலிருந்து ஆளே மாறிவிட்டான். ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டை ரெண்டாவது மாசமே முப்பதாயிரம் தள்ளி, அதாவது அவ்வளவையும் விட்டுக்கொடுத்து எடுத்து, புது போன், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பிரியாணி என்று கரைத்துவிட்டான். கொஞ்சம் பொறுத்திருந்தால் கூடவே வந்திருக்குமே என்று கேட்டால், "அதுவரைக்கும் யாருக்குத் தெரியும்" என்கிறான். வீட்டில் எல்லோரும் ஊதாரி என்று திட்டுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த அவசரத்துக்கும் மனசு சரியில்லாததற்கும் சம்பந்தம் உண்டா?

உளவியல்_மாணவி:
உண்டு அக்கா. இன்றைக்குச் சின்னத் தொகை வேண்டுமா, கொஞ்ச நாள் கழித்துப் பெரிய தொகை வேண்டுமா என்று கேட்டு இதை அளப்பார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2019-ல் ஜாமா சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் வந்தது. மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட உடனடித் தொகையை அதிகம் கேட்கிறார்கள். ஆனால் அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைக்கிற கோளாறு உள்ளவர்களிடம் இது நேர்மாறாக இருக்கிறது, அதனால் பொறுமை கூடக்கூட மனநலம் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. எது எதற்குக் காரணம் என்பதும் இதில் தெரியாது. பணம் போனதைவிட "யாருக்குத் தெரியும்" என்றானே, அதைத்தான் நான் கவனிப்பேன். தூங்குகிறானா? நண்பர்களோடு பேசுகிறானா?

ராயபுரம்_குமார்:
உடனே நோய் என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவில் குழந்தைகளிடம் செய்த ஒரு சோதனை 2013-ல் வெளிவந்தது. சொன்ன பொருளைக் கொண்டுவராமல் முதலில் ஏமாற்றிய ஆள் "காத்திருந்தால் இன்னொரு மிட்டாய்" என்றபோது குழந்தைகள் சராசரியாக மூன்று நிமிஷம்தான் பொறுத்தார்கள், சொன்னபடி செய்தவரிடம் பன்னிரண்டு நிமிஷம். நாளை மேல் நம்பிக்கை போனவனிடம் சேமி சேமி என்றால் எப்படி ஏறும்? அப்புறம், குடிக்கிறானா என்றும் பாருங்கள். சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்களுக்குக் குடிக்காமல் வந்தால் பணம் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வில் அவர்கள் சேமிப்பு நன்றாகவே கூடியது.

பெரம்பூர்_அக்கா:
குடி இல்லை. விடியற்காலை மூணு மணி வரை போன் வெளிச்சம் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கும் போவதில்லை, பேட் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

உளவியல்_மாணவி:
அப்படியென்றால் தள்ளிப்போடாதீர்கள் அக்கா. 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், முதலில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். நேரில் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். சீட்டுப் பேச்சை எடுக்காமல், "தூக்கம் வரவில்லையே, காட்டிவிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள், கூடவே போங்கள். சாகலாம் போல இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கவும் தயங்காதீர்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.